நோயோடு கூடவே நடக்கும் கணக்கு: எம்.எஸ். பதிவேடுகள் சொன்னதும் சொல்லத் தவறியதும்

டென்மார்க்கில் 1949-ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோயோடு நாட்டில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், எங்கெங்கே வாழ்கிறார்கள் என்று கண்டறிவது அதன் நோக்கம். முன்னின்று செய்தவர் கை ஹில்லஸ்டெட் என்ற மருத்துவர். நோயின் போக்கை மாற்றக்கூடிய மருந்து ஒன்றுகூட அன்று கிடையாது. கணக்கெடுத்து முடித்ததும் கட்டுரை எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடுவதுதான் வழக்கம். அவர்கள் மூடவில்லை. 1956-இல் அது நிரந்தரப் பதிவேடாக மாறியது. புதிதாக நோய் கண்டவர்களின் பெயர்கள் அதில் சேர்ந்துகொண்டே வந்தன. பழையவர்களின் நிலை தொடர்ந்து பதிவானது. நாடு தழுவிய எம்.எஸ். பதிவேடுகளில் உலகிலேயே மூத்தது இதுதான்.

மருந்தே இல்லாத நோய்க்குப் பட்டியல் எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அவர்களிடம் பெரிய பதில் எதுவும் இருந்திருக்காது. பதில்கள் வர முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின. பதிவேட்டின் இயல்பே அதுதான். விதைத்தவர் அறுவடையைப் பார்ப்பதில்லை. ஆனால் நீண்ட காலம் நடந்துவிட்டது என்பதாலேயே ஒரு பதிவேடு உண்மை பேசிவிடுவதும் இல்லை. யாரைச் சேர்த்தோம், எந்த இலக்கணத்தை வைத்துச் சேர்த்தோம், யாரோடு யாரை ஒப்பிட்டோம் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றில் சறுக்கினாலும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரம் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்தும். எம்.எஸ். பதிவேடுகளின் வரலாறு இரண்டுக்கும் சாட்சி.

இரண்டாண்டுச் சோதனை, நாற்பதாண்டு நோய்

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உடலின் எதிர்ப்பு மண்டலமே அந்த உறையைத் தாக்கி அரிப்பதுதான் எம்.எஸ். தாக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும். ஒருவருக்கு ஒரு கண் திடீரென மங்கும். இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும். வேறொருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இது தாக்குதலாக வந்து, சில வாரங்களில் தணிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி வரும். ஆண்டுகள் செல்லச்செல்ல, தாக்குதல் இல்லாமலேயே நடை மெல்ல மெல்லக் குறையும் கட்டம் பலருக்கு வருகிறது. நோய் தொடங்குவது பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். உலகம் முழுவதும் சுமார் 29 லட்சம் பேர் இதோடு வாழ்கிறார்கள் என்பது பன்னாட்டு எம்.எஸ். கூட்டமைப்பின் மதிப்பீடு.

இருபத்தைந்து வயதில் நோய் கண்ட பெண் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகள் எளியவை. நாற்பத்தைந்து வயதில் நான் நடப்பேனா? பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா? இந்த மருந்தைப் பத்து ஆண்டுகள் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? மருந்து நிறுவனங்கள் நடத்தும் சோதனைகள் இவற்றுக்குப் பதில் தருவதில்லை. அவை பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். கர்ப்பிணிகள், வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள் ஆகியோரை அவற்றில் சேர்ப்பதில்லை. நோயின் வயது நாற்பது ஆண்டு என்றால் சோதனையின் வயது அதில் இருபதில் ஒரு பங்கு.

இடைவெளியை நிரப்ப வேண்டுமென்றால் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்து, ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அந்த அளவுகோலைத் தந்தவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி. 1983-இல் அவர் திருத்தி வெளியிட்ட ஈ.டி.எஸ்.எஸ். என்ற அளவை பூச்சியத்திலிருந்து பத்து வரை அரை அரையாக ஏறும். பூச்சியம் என்றால் பரிசோதனையில் குறை ஏதுமில்லை. பத்து என்றால் நோயால் மரணம். நடுப்பகுதியில் பெரும்பாலும் நடையை வைத்துத்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நோயாளி துணையில்லாமல், உட்காராமல் நடக்கிறார். மருத்துவர் தூரத்தைக் கணக்கிடுகிறார். ஐந்நூறு மீட்டர் நடந்தால் 4. முந்நூறு என்றால் 4.5, இருநூறு என்றால் 5, நூறு என்றால் 5.5. நூறு மீட்டருக்கு ஒரு கைத்தடி வேண்டும் என்ற நிலை வந்தால் 6. உலகின் பெரும்பாலான எம்.எஸ். ஆய்வுகளில் “ஊனம் கூடியது” என்று எழுதப்படும் வாக்கியத்துக்குப் பின்னால் இந்தத் தாழ்வார நடைதான் இருக்கிறது. கை நடுக்கம், சோர்வு, மறதி ஆகியவற்றை இது சரியாக அளப்பதில்லை என்ற குறை பழையது. ஆனாலும் மெல்போர்னில் 2024-இல் நடந்தவரையும் லியோனில் 1994-இல் நடந்தவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேறு வழி இன்னும் அமையவில்லை.

டேனியர்கள் இணைத்த ஏடுகள்

டென்மார்க்கில் 1968-இல் குடிமக்கள் எல்லோருக்கும் ஒரு தனி எண் வந்தது. பிறப்பு, இறப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, வேலை, திருமணம் எல்லாவற்றிலும் அதே எண். எம்.எஸ். பதிவேடும் அந்த எண்ணால் மற்ற ஏடுகளோடு இணைந்தது. தனியாக இருந்தவரை பெயர்ப் பட்டியலாக இருந்த ஒன்று, இணைந்த பிறகு கேள்விக்குப் பதில் சொல்லும் கருவியானது.

அதற்கு நல்ல உதாரணம் ரத்தப் பொட்டுகள். டென்மார்க்கில் பிறக்கும் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஒற்றி எடுப்பார்கள். பிறவி நோய்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு அந்தத் தாளை எறிவதில்லை. 1980-களின் தொடக்கத்திலிருந்து கோபன்ஹேகனில் உறைகுளிரில் சேமித்துவருகிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள்; சிலருக்கு எம்.எஸ். வந்தது, பதிவேட்டில் பெயர் ஏறியது. ஆய்வாளர்கள் பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்து, கிடங்கிலிருந்து அவர்களுடைய பிறந்த காலத்துத் தாளைத் தேடி எடுத்து, அந்த உலர்ந்த பொட்டில் வைட்டமின் டி எவ்வளவு இருந்தது என்று அளந்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, பிறக்கும்போது வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பகுதியினரோடு ஒப்பிட்டால், மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பகுதியினருக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிதான். வைட்டமின் டி கொடுத்தால் நோய் வராது என்று இது நிரூபிக்கவில்லை. தாயின் உணவு, தோலின் நிறம், மரபணு எல்லாம் இடையில் இருக்கின்றன. ஆனால் இருபது வயதில் வெளிப்படும் நோயின் வேர் பிறப்புக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு ரத்தத்திலேயே ஒரு தடயம் கிடைத்தது.

இரண்டாவது கண்டுபிடிப்பு பெண்களைப் பற்றியது. 1950-களிலிருந்து அறுபது ஆண்டுகளில் டேனியப் பெண்களிடம் புதிதாக நோய் காண்பவர்களின் விகிதம் இரு மடங்கைத் தாண்டியது; ஆண்களிடம் உயர்வு அதைவிட மிகக் குறைவு. கண்டறியும் வசதி பெருகியதுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எம்.ஆர்.ஐ. கருவிக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. வசதி மட்டுமே காரணம் என்றால் இரு பாலாரிடமும் உயர்வு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்திருக்கும். மரபணு இரண்டு தலைமுறைக்குள் மாறாது. ஆக, பெண்களின் வாழ்க்கை முறையிலோ சுற்றுச்சூழலிலோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது என்ன என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் அப்படியொரு கேள்வியைக் கேட்பதற்கே அறுபதாண்டுக் கணக்கு தேவைப்பட்டது.

மூன்றாவது, மரணத்தைப் பற்றியது. 2004-இல் வந்த ஆய்வு, எம்.எஸ். நோயாளிகளின் ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் பத்து ஆண்டு குறைவு என்று கணக்கிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் இறப்பு பெருமளவு குறைந்துவந்திருக்கிறது என்றும் காட்டியது. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993-இல்தான். அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட நோயாளிகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே நோய் கண்டவர்கள். எனவே ஆயுள் நீண்டதன் பெருமையை மருந்துக்குக் கொடுக்க முடியாது. தொற்றைக் கட்டுப்படுத்துவது, சிறுநீரகத்தைக் காப்பது, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது போன்ற சாதாரணப் பராமரிப்புக்கே பெரும் பங்கு இருக்க வேண்டும். விலை உயர்ந்த மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் சூழலில் இது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

லியோனிலிருந்து வந்த இரண்டு விடைகள்

பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்டியன் கான்ஃபவ்ரோ என்ற நரம்பியல் மருத்துவர் ஈ.டி.எம்.யூ.எஸ். என்ற கணினி முறையை உருவாக்கினார். ஐரோப்பிய மருத்துவமனைகள் ஒரே விவரத்தை ஒரே வடிவத்தில் எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த ஒழுங்கு இரண்டு முக்கியமான கேள்விகளுக்கு விடை தந்தது.

முதலாவது, கர்ப்பம். பிள்ளை பெற்றால் நோய் முற்றும் என்று சொல்லி, எம்.எஸ். உள்ள பெண்களைத் தாய்மையிலிருந்து மருத்துவர்களே விலக்கிவைத்த காலம் நீண்டது. கான்ஃபவ்ரோவின் குழு 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களின் 269 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் முடிவை வெளியிட்டது. கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.7 தாக்குதல்; கடைசி மூன்று மாதங்களில் அது ஆண்டுக்கு 0.2 என்ற வீதத்துக்கு இறங்கியது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் 1.2 என்ற வீதத்துக்கு ஏறியது. பிறகு பழைய நிலைக்கே திரும்பியது. அச்சம் முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க மெய்யும் இல்லை. ஆபத்துக் காலம் கர்ப்பம் அல்ல, பிரசவத்துக்குப் பின் வரும் மூன்று மாதங்கள். அதன் பிறகு மருத்துவர்கள் “வேண்டாம்” என்று சொல்வதை விட்டுவிட்டு, “அந்த மூன்று மாதங்களுக்கு என்ன ஏற்பாடு?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, தடுப்பூசி. 1990-களில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி எம்.எஸ். நோயை உண்டாக்குகிறது என்ற பேச்சு பிரான்சில் பரவியது. 1998-இல் பள்ளிகளில் அந்த ஊசி போடுவதை அரசே நிறுத்தியது. அதே பதிவேட்டு வலைப்பின்னல், தாக்குதல் கண்ட 643 நோயாளிகளை எடுத்துக்கொண்டு ஒரு நுட்பமான வழியைக் கையாண்டது. ஊசி போட்டவரைப் போடாதவரோடு ஒப்பிடவில்லை. ஒரே நோயாளியின் வாழ்க்கையில், தாக்குதலுக்கு முந்தைய இரண்டு மாதங்களையும் அதற்கும் முந்தைய மாதங்களையும் ஒப்பிட்டது. ஊசி தாக்குதலைத் தூண்டியிருந்தால், போட்ட ஊசிகள் தாக்குதலுக்கு முந்தைய அந்த இரண்டு மாதங்களில் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை என்று 2001-இல் வெளியான கட்டுரை காட்டியது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசியால் தாக்குதல் வரும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பது நிலைபெற்றது. வதந்தி பரவ ஒரு வாரம் போதும். அதை மறுக்க, வதந்திக்கு முன்பிருந்தே எழுதிவந்த ஏடு வேண்டும்.

கணக்கு ஏமாற்றும் விதங்கள்

பிரிட்டனில் நடந்த கதை எச்சரிக்கையானது. இன்டர்ஃபெரான் பீட்டா, கிளாட்டிரமர் ஆகிய மருந்துகள் அவற்றின் விலைக்குத் தக்க பலன் தரவில்லை என்று சொல்லி, மருந்துகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2002-இல் பரிந்துரைக்க மறுத்தது. நோயாளிகள் கொதித்தார்கள். அரசும் நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. மருந்தைக் கொடுப்போம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்து ஆண்டு தொடர்வோம், சொன்ன பலன் வரவில்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டும். மருந்து எடுக்காதவர்களின் நிலை எப்படியிருந்திருக்கும் என்று தெரிய, கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள லண்டன் நகரில் 1972 முதல் தொகுத்த பழைய நோயாளிகளின் விவரத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

2009-இல் வந்த முதல் முடிவு அதிர்ச்சி தந்தது. மருந்து எடுத்தவர்கள், எடுக்காத அந்தப் பழைய நோயாளிகளைவிட மோசமாக இருந்தார்கள். மருந்து கெடுதல் செய்ததா? ஒப்பீட்டில்தான் கோளாறு இருந்தது. ஒன்டாரியோ விவரத்தில் ஒருவரின் ஊன அளவு ஏறலாமே தவிர இறங்க முடியாது. தற்காலிகமாக ஏறி இறங்கியதையெல்லாம் சமன்செய்து எழுதியிருந்தார்கள். பிரிட்டன் நோயாளிகளின் அளவு உண்மையில் நடப்பதுபோல் ஏறியும் இறங்கியும் பதிவாகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முடிவு கோணலாகத்தான் வரும். பின்னர் இறக்கத்தையும் பதிவுசெய்திருந்த கனடாவின் இன்னொரு மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் விவரத்தோடு ஒப்பிட்டார்கள். ஆறாண்டுக் கணக்கிலும் பத்தாண்டுக் கணக்கிலும் மருந்து எடுத்தவர்களின் ஊனம் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே ஏறியது. இதற்கிடையே விலை குறைக்கும் ஷரத்து செயலுக்கு வராமலே ஆண்டுகள் ஓடின. மருந்து வாங்கிய கஜானாவுக்கும் எழுதிவைத்த ஏட்டுக்கும் நடுவே சுதந்திரமான கணக்கர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

அதே பிரிட்டிஷ் கொலம்பியா விவரம் 2012-இல் வேறொரு புயலைக் கிளப்பியது. இன்டர்ஃபெரான் எடுத்த 868 பேரை, அதே காலத்தில் எடுக்காத 829 பேரோடும், மருந்து வருவதற்கு முந்தைய காலத்து 959 பேரோடும் ஒப்பிட்டபோது, கைத்தடி தேவைப்படும் நிலைக்கு வரும் காலத்தில் நம்பத்தக்க வேறுபாடு இல்லை. 2019-இல் 21 நாடுகளின் 1,555 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வோ, சீக்கிரமாக மருந்து தொடங்கியவர்கள் படிப்படியாக மோசமாகும் கட்டத்துக்குள் நுழைவது குறைந்ததைக் காட்டியது. அதற்கு விவரம் தந்தவற்றில் முக்கியமானது 2004-இல் மெல்போர்னில் தொடங்கி இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டிருக்கும் எம்.எஸ்.பேஸ் பதிவேடு.

இரண்டும் ஏன் முரண்படுகின்றன? மருத்துவர் மருந்தைச் சீட்டுக்குலுக்கிக் கொடுப்பதில்லை. நோய் வேகமாக இருப்பவருக்கே முதலில் கொடுக்கிறார். அப்படிக் கொடுக்கும்போது மருந்து எடுப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே மோசமானவர்களாக இருப்பார்கள். மறுபுறம், ஐந்தாம் ஆண்டில் மருந்து தொடங்கியவர் அந்த ஐந்தாண்டும் கைத்தடி இல்லாமல் தாக்குப்பிடித்தவர். அந்த ஐந்தாண்டை மருந்தின் கணக்கில் எழுதினால் மருந்துக்குச் சும்மா ஒரு பெருமை சேரும். இந்த இரண்டு சரிவையும் சமன்செய்யப் புள்ளியியல் வழிகள் உண்டு. ஆனால் எழுதாமல் விட்ட விவரத்தை எந்தப் புள்ளியியலும் உருவாக்கித் தராது.

இலக்கணம் மாறுவதும் ஏமாற்றும். 2001-இல் நரம்பியல் மருத்துவர் இயன் மெக்டொனால்டின் பெயரால் வந்த விதிகள் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து நோயை முன்கூட்டியே உறுதிசெய்ய வழிசெய்தன. அவை அதன் பிறகும் பலமுறை தளர்த்தப்பட்டன. முன்பு “பார்க்கலாம்” என்று அனுப்பப்பட்ட லேசான நோயாளிகள் இப்போது பட்டியலில் சேர்கிறார்கள். பட்டியலின் சராசரி நலம் உயர்கிறது. யாருடைய உடல்நிலையும் மாறவில்லை. 1995-இன் நோயாளியையும் 2015-இன் நோயாளியையும் ஒப்பிட்டு “சிகிச்சை முன்னேறிவிட்டது” என்று சொல்வதற்கு முன், இருவரும் ஒரே விதியின்படி உள்ளே வந்தவர்களா என்று பார்க்க வேண்டும். நல்ல பதிவேடு அதனால்தான் முடிவை மட்டும் எழுதுவதில்லை. எந்த விதியை வைத்து முடிவுக்கு வந்தோம் என்பதையும், முதல் அறிகுறி வந்த மாதத்தையும் எழுதிவைக்கிறது.

லாபம் இல்லாத கேள்விகள்

பதிவேட்டின் முழுப் பலத்தையும் காட்டியது ஸ்வீடன். ரிட்டுக்சிமாப் ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வந்த மருந்து. எம்.எஸ். நோய்க்கும் பலன் தரும் என்று ஆரம்பகட்ட சோதனைகள் காட்டியிருந்தன. ஆனால் அந்த நோய்க்கென்று அனுமதி வாங்க நிறுவனம் முயலவில்லை. ஸ்வீடன் மருத்துவர்கள் அனுமதிக்கு வெளியே, தங்கள் பொறுப்பில் அதைப் பயன்படுத்தினார்கள். தைரியம் தந்தது அவர்களுடைய தேசியப் பதிவேடு. ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு தாக்குதலும் அதில் எழுதப்பட்டன. பிற மருந்துகளைவிட ரிட்டுக்சிமாப் எடுத்தவர்கள் மருந்தை நிறுத்துவது குறைவாக இருந்தது, தாக்குதல்களும் குறைந்தன. 2022-இல் வெளியான முறையான சோதனையும் அதை உறுதிசெய்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றொரு எம்.எஸ். மருந்தான டைமெத்தில் ஃபியூமரேட் எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கும், ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் தாக்குதல் வந்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ். நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளில் ரிட்டுக்சிமாபையும் சேர்த்தது.

அதே பதிவேடு மருந்தின் குறையையும் மறைக்கவில்லை. தீவிரத் தொற்று வருவது ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களுக்கே அதிகம் என்று 2020-இல் காட்டியது. கோவிட் காலத்தில் பல நாட்டுப் பதிவேடுகள் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோதும், இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்கு நோய் கடுமையாவது அதிகம் என்று தெரிந்தது.

அரிய ஆபத்தைப் பிடிக்கவும் பதிவேடே வழி. நட்டாலிசுமாப் 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையை அரிக்கும் பி.எம்.எல். என்ற வைரஸ் நோய் சிலருக்கு வந்ததால் 2005 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2006-இல் ஒரு நிபந்தனையோடு திரும்பியது: அமெரிக்காவில் அதை எடுக்கும் ஒவ்வொருவரும் பதிவில் சேர வேண்டும். அதன் பிறகு திரண்ட விவரத்திலிருந்துதான் ஆபத்து யாருக்கு என்று தெளிவானது. பி.எம்.எல்.-ஐ உண்டாக்கும் ஜே.சி. வைரஸுக்கான எதிர்ப்பொருள் உள்ளவர்கள், முன்பு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுத்தவர்கள், இரண்டாண்டுக்கு மேல் நட்டாலிசுமாப் எடுப்பவர்கள் ஆகியோரை இன்று முன்கூட்டியே பிரித்தறிய முடிகிறது.

இவையெல்லாம் மருத்துவர் எழுதும் ஏடுகள். நோயாளியே எழுதும் ஏடுகளும் உண்டு. வட அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய நார்காம்ஸ், பிரிட்டனில் 2011-இல் தொடங்கி ஸ்வான்சி பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் எம்.எஸ். பதிவேடு ஆகியவற்றில் நோயாளிகளே தங்கள் சோர்வு, வலி, வேலை இழப்பு ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். மருத்துவரின் தாழ்வார நடையில் தெரியாதவை இவை. ஆனால் படிவம் நிரப்ப நேரமும் இணையமும் மனமும் உள்ளவர்களே எழுதுவார்கள். மிக மோசமானவர்களும் மிக ஏழைகளும் விடுபடுவார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தியா என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் எம்.எஸ். அரிது என்று பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. 1980-களின் மதிப்பீடு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவைச் சுற்றியே இருந்தது. மும்பை பார்சிகளிடம் மட்டும் பல மடங்கு அதிகம். மங்களூரில் லேகா பண்டிட் குழுவினர் வீடுவாரியாகவும் மருத்துவமனைவாரியாகவும் தேடி 2014-இல் வெளியிட்ட ஆய்வு, லட்சத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் என்று கண்டது. தேடினால் கிடைக்கிறது, தேடாதவரை அரிது.

அந்தத் தேடல் இன்னொன்றையும் காட்டியது. எம்.எஸ். போலவே தோற்றமளிக்கும் என்.எம்.ஓ. என்ற நோய் நம்மிடையே கணிசமாக இருக்கிறது. 2004-இல் இதற்கான எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்படும் வரை இரண்டையும் பிரிப்பது கடினமாக இருந்தது. பிரிக்காமல் இன்டர்ஃபெரான் கொடுத்தால் என்.எம்.ஓ. மோசமாகும். ஐரோப்பியப் படிவத்தை அப்படியே நகலெடுத்து இங்கே பதிவேடு நடத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்: எதிர்ப்பொருள் சோதனையின் முடிவு எழுதும் கட்டம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், டெல்லி எய்ம்ஸ் ஒருங்கிணைக்கும் தேசியப் பதிவேட்டின் பெயரிலேயே எம்.எஸ்.ஸோடு அதன் இன நோய்களும் சேர்க்கப்பட்டிருப்பது சரியான தொடக்கம்.

தொடங்குவது எளிது, தொடர்வது கடினம். தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் பகுதியாக 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையின் பதிவேட்டை விடாமல் நடத்திவருகிறது. சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்று குறைந்து மார்பகப் புற்று முதலிடத்துக்கு வந்ததை நாம் அறிந்தது அந்த விடாமுயற்சியால்தான். அதைச் சாத்தியமாக்கியவர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று கோப்புகளைப் புரட்டி எழுதிய பணியாளர்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ்க் கணக்கைப் பதிவேடாகக் கொள்ள முடியாது. சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடு ஊனம் வேண்டும். நோயின் முதல் பத்தாண்டில் இருப்பவர்களில் பலர் அதில் வரவே மாட்டார்கள். பதிவேட்டுக்குத் தேவை அவர்கள்தான்.

அவர்களைச் சேர்ப்பதற்குப் பெரிய தடை அச்சம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு நரம்பு நோய் என்பது வெளியே தெரியக் கூடாத செய்தி. வேலை கொடுப்பவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிந்துவிடுமோ என்ற கவலையும் நியாயமானதே. பெயரைக் குறியீடாக மாற்றுவது, ஆய்வாளருக்கு அடையாளமில்லாத விவரத்தை மட்டும் தருவது, எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, ஆய்வின் முடிவை நோயாளிக்கே அவர் மொழியில் திருப்பிச் சொல்வது ஆகியவற்றைச் சடங்காகச் செய்யாமல் உண்மையாகச் செய்தால்தான் நம்பிக்கை வரும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு ஓர் எல்லைக்கோடு. அதற்குள் மருத்துவமனைகள் தங்கள் நடைமுறையை எழுதிவைக்க வேண்டும்.

ஸ்வீடனின் ரிட்டுக்சிமாப் கதை நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அதன் உள்நாட்டு நகல் மருந்துகள் இங்கே 2007 முதல் தயாராகின்றன. விலையின் காரணமாக இந்திய மருத்துவர்கள் பலர் எம்.எஸ். நோயாளிகளுக்கு அதையே எழுதுகிறார்கள். காசநோயும் ஹெப்படைட்டிஸ் பி-யும் பரவலாக உள்ள நாட்டில், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் இந்த மருந்தைப் பத்தாண்டு எடுத்தால் என்ன ஆகும் என்று ஸ்வீடன் நமக்குச் சொல்ல முடியாது. எந்த மருந்து நிறுவனமும் அந்தச் சோதனையை நடத்தப்போவதில்லை. அதில் லாபம் இல்லை. நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே கேட்பது பெரிய கட்டடத்தை அல்ல. எம்.எஸ். நோயாளிகளைப் பார்க்கும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் துறையிலும் பதிவேட்டுக்கென்று ஒரு நிரந்தரப் பணியிடம், ஆண்டுக்கு ஒருமுறை அளக்கும் ஒழுங்கு, மூன்றாண்டுத் திட்ட நிதி தீர்ந்ததும் நின்றுவிடாத பட்ஜெட் ஒதுக்கீடு ஆகிய மூன்றும் போதும். டென்மார்க் மருந்தே இல்லாத காலத்தில் இதைத் தொடங்கியது. மருந்து கையில் இருக்கும் காலத்திலும் நாம் தொடங்காவிட்டால், இங்கே ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு நோயாளியும் முடிவு எழுதப்படாத சோதனையில் பங்கேற்றவராகவே இருப்பார்.